சிவப்பு டேப் ஒட்டிய பெட்டி

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குத் தேர் போகாத வருஷம். பத்துப் பேரை மட்டும் வைத்து என் மகள் கல்யாணத்தை முடித்த வருஷம்.

அந்த வருஷம் என்னோடு ஒரே அறையில் நின்று வேலை பார்த்த தனசீலன் தம்பி இன்று காலை போய்விட்டார். நெஞ்சு வலியாம். நாற்பத்தாறு வயசு...

அக்கரையில் இருக்கிற கெப்பாலா பத்தாஸிலிருந்து அவர் தங்கைதான் போன் பண்ணிச் சொன்னார். நாளை மத்தியானம் எடுக்கிறார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று இந்த வாட்ஸ்அப் குரூப்பில் பல பேருக்குத் தெரியும். நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்ததும் தனசீலன்தான்.

பல கிளினிக்குகளின் நோயாளி விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த கம்பெனி அது. நான் தரை கூட்டுகிற ஆள். கேபிள் இழுக்க, பெட்டி தூக்க என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எம்சிஓ, ஊரடங்கு நேரம். சர்வர் ரூமுக்குள் மூன்று பேருக்குத்தான் அனுமதி. மேனேஜர், எஞ்சினியர் தனசீலன், நான்.

டேட்டாபேஸ் சிஸ்டத்தையே புதுசாக மாற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் சர்வர்களைத் தயார் பண்ணுவது தனசீலன் பொறுப்பு.

முன்னால் இரண்டு வெப் சர்வர், பின்னால் டேட்டாபேஸ். முன்னால் நிற்பதில் ஒன்று படுத்தால் இன்னொன்று வேலையைப் பார்க்கும். பழைய பெட்டியும் அதன் பேக்கப்பும் மூன்று வாரத்துக்கு அப்படியே பக்கத்தில் நிற்க வேண்டும். புதுசு சொதப்பினால் திரும்பிப் போக வேறு வழி இல்லை.

எல்லாப் பெட்டியிலும் ஆங்கிலத்தில் பேர் அச்சடித்து ஒட்டத்தான் முதலில் திட்டம். நான் ஒரு லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அவர் பார்த்தார். தானே பிரித்து நேராக ஒட்டினார்.

மறுநாள் கலர் டேப் வாங்கி வந்தார். வெப் சர்வருக்கு நீலம், டேட்டாபேஸுக்கு மஞ்சள், பழசுக்குச் சிவப்பு. மேனேஜர் கேட்டதற்கு, "இப்ப எல்லா எடத்துலயும் கலர்தான் பாஸ். லேட்டஸ்ட்" என்றார்.

எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

எந்த கேபிள் எந்த ஓட்டையில் போகிறது என்று பார்க்காமலே சொல்லுவேன். அவர் கண்ணை மூடச் சொல்லிக் கேட்பார். ஒன்று கூடத் தப்பாது. "அண்ணே, மெயின் சர்வரே ஒங்க தலைதான். தயவுசெஞ்சு ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க" என்று சிரிப்பார்.

அப்புறம் சிரிக்காமல் சொன்னது: "செவப்ப மட்டும் நான் என் வாயால சொல்ற வரைக்கும் தொடாதீங்க. யாரு சொன்னாலும்."

புதுசு ஓட ஆரம்பித்த நாலாம் நாள். தனசீலன் தடுப்பூசி போடப் போயிருந்தார்.

மேனேஜர் உள்ளே வந்தார். "அந்தப் பழசு ரெண்டையும் தூக்கிருங்க. நாளைக்குப் பெரிய பாஸ் வராரு. அசிங்கமா இருக்கு லா."

"தனா தம்பி தொடாதன்னு சொல்லிருக்கு பாஸ்..."

"ஒங்களுக்கு பாஸ் தனாவா, நானா?"

தூக்கினேன். பழைய சாமான் லாரி கீழேயே நின்றது. இரண்டு பெட்டியும் போய்விட்டன.

அடுத்த வாரம் புது டேட்டாபேஸ் படுத்துவிட்டது. திரும்பிப் போக எதுவும் இல்லை. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்கிற விவரம் முதல் எல்லாம் போச்சு.

விசாரணை வைத்தார்கள். மூன்று பேரும் மாஸ்க் போட்டு ஒரே மேசையில். பெரிய பாஸ் திரையில்.

தனசீலன் சொல்லித்தான் தூக்கினார்கள் என்றார் மேனேஜர். இல்லை என்றார் தனசீலன். பெரிய பாஸ் என்னைப் பார்த்து மலாயில் கேட்டார், யார் தூக்கச் சொன்னது என்று.

அந்த மாசம் எனக்கு கான்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்கிற பேப்பரில் கையெழுத்துப் போடுகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அறுபது தாண்டியவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்...

"லூப்பா, துவான்" என்றேன். மறந்து போச்சு, ஐயா.

தனசீலன் திரும்பினார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடைத்தது.

அவர் வேறு இடம் தேடினார். போன இடத்தில் எல்லாம் பழைய கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்பார்கள். பேக்கப்பைத் தூக்கிப் போட்ட ஆள் என்று பதில் போகும். கடைசியில் சொந்தக்காரர் கடையில் கைப்பேசிக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் புக்கிட் மெர்தாஜாம் பசாரில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். அவர்தான் முதலில் பேசினார். "அண்ணே, மக நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு தம்பி. அன்னைக்கு நான்..."

"வெயில் ஏறுது. கையில மீன் வச்சிருக்கீங்க. வீட்டுக்குப் போங்கண்ணே."

போய்விட்டேன்.

கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு டேப் ஒட்டிய பெட்டியைத் தூக்கச் சொன்னது தனசீலன் இல்லை. மேனேஜர். வியாழக்கிழமை, காலை பத்தரை, அவர் போட்டிருந்தது பச்சைச் சட்டை. எனக்கு எதுவும் மறக்கவில்லை.

தம்பி... நாளை காலை ஃபெரியில் வருகிறேன்.

மேனேஜர் அதே வருஷம் கோவிட்டில் போய்விட்டார். தனசீலன் இன்று. அந்த அறையில் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது சின்னையா மகன் மாரிமுத்து, நான் மட்டும்.