காலிக் குடத்தோடு போனவங்க

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமத்துக்கு வந்து நாலு மாசம். டவுன்ல குழாய்த் தண்ணியில வளர்ந்த எனக்குக் கழனிக் கிணத்தை எட்டிப் பார்க்கவே பயம். என் நாத்தனார் சின்னப் பொண்ணு, அந்தக் கிணத்துல மீன் மாதிரி நீந்துவா. "இன்னா அண்ணி, தவளைக்குக் கூட நீச்சல் தெரியுது"ன்னு ஒரே கேலி. வந்துச்சே எனக்கு ரோஷம்! இடுப்புல காலி டின்னைக் கட்டிக்கிட்டு பத்து நாள் அவகிட்டயே பழகினேன். டின் இல்லாம இறங்கவே கூடாதுன்னு மாமியார் கண்டிச்சிருந்தாங்க. எனக்கோ, மேலேயிருந்து ஒரு தடவையாவது குதிச்சுப் பார்த்துடணும்னு வெறி.

ஒருநாள் மத்தியானம் யாருக்கும் தெரியாம போனேன். எங்க கழனியில களை எடுக்குற அம்மா ஒருத்தங்க காலிக் குடத்தோட கிணத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்னுக்கினு இருந்தாங்க. காலனிக்காரங்க கிணத்துப் படியில இறங்கக் கூடாது, நாங்கதான் மொண்டு ஊத்தணும். அப்படி ஒரு கேடுகெட்ட வழக்கம்.

"சித்த இரு, குதிச்சிட்டு வந்து மொண்டு தரேன்."

"வாணாம் சின்னம்மா, ஆளம் ஜாஸ்தி."

கேட்டாத்தானே! குதிச்சேன். புடவை அவிழ்ந்து ரெண்டு காலையும் சுத்திக்கிச்சு. மேல வரேன், மூக்குல தண்ணி, திரும்ப உள்ளே. செத்தோம்னே முடிவு பண்ணிட்டேன். அப்போ முகத்துல ஏதோ துணி வந்து விழுந்துது. அந்தம்மா கடைசிப் படியில நின்னு, தான் கட்டியிருந்த புடவையை உருவி வீசியிருக்காங்க. "கெட்டியா புட்சிக்கோ, வுட்றாத!" இழுத்துப் போட்டு, முதுகைத் தட்டி, குடிச்ச தண்ணியைக் கக்க வெச்சாங்க. அப்புறம்தான் அந்த ஈரப் புடவையை எடுத்துச் சுத்திக்கிட்டாங்க.

அந்த நேரம் பார்த்து மாமியார் வந்துட்டாங்க. அவங்க கண்ணுல முதல்ல பட்டது படியில நின்ன அந்தம்மாதான். "யாரைக் கேட்டு எறங்குன? இன்னா திமிரு!"ன்னு பிலுபிலுன்னு பிடிச்சுக்கிட்டாங்க.

அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. நான் சொல்லியிருக்கணும். சொன்னா தனியா குதிச்சது தெரிஞ்சுடும், அப்புறம் கிணத்துப் பக்கமே விடமாட்டாங்க. "குளிச்சிக்கினு இருந்தேன் அத்தே"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"இனிமே இந்தக் கழனியில கால வெக்காத"ன்னாங்க மாமியார். அந்தம்மா காலிக் குடத்தை எடுத்துக்கினு வரப்புல நடந்து போயிட்டாங்க. அப்புறம் வரவே இல்லை. தேடிப் போய் மன்னிப்புக் கேக்கவும் நான் போகலை.

நீச்சல் எனக்கு நல்லாவே வந்துடுச்சு. என் பொண்ணுங்களுக்கும் நான்தான் கத்துக் கொடுத்தேன். "எங்கம்மாவுக்கு எவ்ளோ தைரியம்"னு அதுங்க பெருமையா சொல்லும்போதெல்லாம், உசிரைக் காப்பாத்தினவங்களுக்காக ஒரே ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாம நின்னேனேன்னு இன்னைக்கும் மனசு கிடந்து அடிச்சுக்குது.