பங்களா மதிலோரம் கால் மைல்

எங்கள் தோட்டத்திலிருந்து வட்டகொடை ஸ்டேஷனுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று பெரிய ரோடு. பஸ்ஸும் லொறியும் போகும், சுற்றும் அதிகம். மற்றது எங்கள் வழி. ஸ்டோருக்குப் பின்னால் தொடங்கி, தண்ணிக்கான் என்கிற வாய்க்காலின் ஓரமாகவே ஒன்றரை மைல் போய், தைல மரக் காட்டுக்குள் நுழைந்து, தோட்டத்து மேலாளரான துரையின் பங்களா மதிலை ஒட்டி வெளியே வந்து, பிறகு கிரவல் ரோட்டில் ஒரே இறக்கமாக ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும். மொத்தம் ஐந்து மைல். துரையின் காரைத் தவிர அந்த வழியில் வாகனம் என்று ஒன்றும் வராது. அதன் சத்தமும் இரண்டு வளைவுக்கு முன்பே கேட்டுவிடும்.

ஸ்டோர் என்று நாங்கள் சொன்னது தேயிலைத் தொழிற்சாலையை. நான் அங்கேதான் வேலை செய்தேன். அதன் இயந்திரத்தைத் தண்ணீர்தான் சுற்றியது. அந்தத் தண்ணீருக்காக மலையின் இடுப்பைச் சுற்றிக் கான் வெட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரன் வெட்டிய கான் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வெள்ளைக்காரன் குடைக்குக் கீழே நின்றான், வெட்டியது எங்கள் பாட்டன்மார். கான் மட்டமாகப் போனால்தான் தண்ணீர் சீராக ஓடும் என்பதால் அதன் கரையும் மட்டமாக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சு வாங்க வைக்கும் மலையில், சைக்கிளில் சிரமமில்லாமல் மிதிக்கிற ஒன்றரை மைல் அது. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் தேயிலை, சக்கரத்துக்கு அடியில் பொடிக்கல் நெரியும் சத்தம். வேறு சத்தமே இல்லை.

அண்ணனும் நானும் சைக்கிள் பழகியது அந்தக் கரையில்தான். தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பழைய சைக்கிள் ஒன்றை இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கினோம். தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்த முதல் சைக்கிள். பழகும்போது அண்ணன் இரண்டு தடவை கானுக்குள் விழுந்தான். சைக்கிள் நனையாமல் இருக்க அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த வழியில் ஒரு வழக்கம் இருந்தது. பங்களா மதில் கால் மைல் நீளம். அந்தக் கால் மைலும் யாரும் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. மதில் தொடங்கும் இடத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, மதில் முடியும் இடத்தில் ஏற வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். இதை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. எங்களுக்கு எழுதி வைக்க வேண்டியதும் இல்லை.

அண்ணன் ஒரு நாள் இறங்காமல் போனான். துரை நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார் என்று நம்பித்தான் போனான். அவரோ காய்ச்சலில் போகாமல், பங்களாப் பூந்தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். மதிலுக்கு மேலே அண்ணனின் தலை மட்டும் வேகமாகப் போனதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்கு வரிசையாக நின்ற இடத்தில், கணக்கப்பிள்ளை அவனைத் தனியே கூப்பிட்டார். அடுத்த வாரம் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். பத்துச்சீட்டு என்றால் வேலை போயிற்று, குடியிருந்த அறையான காம்பிராவும் போயிற்று என்று அர்த்தம். வேலை கேட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் ஏறி இறங்கிப் பார்த்தான். காரணம் அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அப்போது எங்களில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. அண்ணன் இந்தியாவுக்குப் போவதென்று முடிவு செய்தான். தாத்தா பிறந்த, அவன் கண்ணால் பார்த்திராத ஊருக்கு, அண்ணியைக் கூட்டிக்கொண்டு. அம்மாவுக்கு இங்கே தோட்ட வேலையில் பேர்ப்பதிவு இருந்ததால் அவள் என்னோடு தங்கினாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. துரை மேல் வந்திருக்க வேண்டிய ஆத்திரம். அவர் மேல் வர எனக்குத் தைரியம் இல்லை, அண்ணன் மேல் வந்தது.

"ஏண்ணே, கொஞ்ச தூரம் எறங்கி நடந்தா காலு தேஞ்சா போயிரும்?" என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "தொர நின்னா எறங்கலாம்டா. அவரு இல்லாத நேரத்துல செவுத்துக்கா எறங்குறது?" என்றான்.

அவன் ஒருவனின் வீம்புக்காக அம்மாவும் நானும் அனுபவிக்கிறோம் என்று கத்தினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. அவனும் அண்ணியும் எங்கள் காம்பிராவுக்கே வந்திருந்தார்கள். ஒரே காம்பிராவில் படுத்து எழுந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. நான் அதைச் செய்தேன்.

அவர்கள் புறப்பட்ட அன்று நான் வழக்கம்போல ஸ்டோருக்குப் போய்விட்டேன். அம்மாவும் அண்ணனும் அண்ணியும் தகரப் பெட்டியோடு விடியும்போதே நடக்கத் தொடங்கினார்கள். சைக்கிளை அவன் எடுக்கவில்லை. லயத்துச் சுவரில் சாய்த்து, துடைத்து, எண்ணெய் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான். ஸ்டோரில் கொழுந்தைப் பரப்பிக்கொண்டே இருந்தேன். கை வேலை செய்தது. மனசு எந்த வளைவில் அவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தது. காலை ரயில் வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது என்னால் முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி, லயத்துக்குப் போய்ச் சைக்கிளை எடுத்தேன்.

கான் கரையில் அப்படி ஒரு நாளும் நான் மிதித்ததில்லை. பனி விலகாத நேரம். நாலு முழத்துக்கு அப்பால் பாதை தெரியவில்லை. ஆனால் அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். அண்ணன் விழுந்த இடத்தைத் தாண்டினேன். காட்டுக்குள் உதிர்ந்த இலைகள் ஈரமாகக் கிடந்தன. இரண்டு தடவை சக்கரம் சறுக்கியது. நெஞ்சுக்குள் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன். மன்னிச்சிருண்ணே என்பதுதான் அது. வண்டிக்கு முன்னால் போய் அதைச் சொல்லிவிட வேண்டும். அது போதும் எனக்கு.

காட்டை விட்டு வெளியே வந்தேன். மதில் தொடங்கியது. இறங்கினேன்.

துரை சீமைக்கு லீவில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. தோட்டத்தில் அது தெரியாத ஆள் கிடையாது. பங்களாவில் ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன, நாயைக்கூட வேறு யாரிடமோ விட்டிருந்தார்கள். பாதையில் மனித நடமாட்டமே இல்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்தபடி, மதிலோரம் நடந்துகொண்டிருந்தேன். பாதி தூரம் வந்த பிறகுதான் நடந்துகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

அப்போதாவது ஏறியிருக்கலாம். ஏறவில்லை. இதை எத்தனையோ வருஷமாக எனக்குள்ளேயே விசாரித்துப் பார்த்துவிட்டேன். மதில் முடியும் இடத்தில்தான் ஏறுவது வழக்கம், அதனால் அங்கே போய் ஏறினேன்.

இறக்கத்தில் பாதி வரும்போது வண்டி கூவியது. ஸ்டேஷனை எட்டியபோது கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. சைக்கிளில் ஒரு நிமிஷத்தில் போகும் கால் மைலை ஐந்து நிமிஷம் நடந்திருந்தேன். அந்த நாலு நிமிஷம் கையில் இருந்திருந்தால் அவன் கையைப் பிடித்திருப்பேன்.

அம்மா பிளாட்பாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. அண்ணன் கடைசி வரைக்கும் பெட்டிக் கதவிலேயே நின்று கிரவல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று மட்டும் சொன்னாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மாவோடு திரும்பி நடந்தேன். தூறல் விழுந்தது. மதில் வந்ததும் அம்மா குடையை மடக்கினாள். அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் நனைந்துகொண்டே நடந்தோம்.

அண்ணனிடமிருந்து முதல் கடிதம் வர இரண்டு மாதம் ஆயிற்று. வந்து சேர்ந்ததையும், அங்கே வெயில் தாங்க முடியவில்லை என்பதையும் எழுதியிருந்தான். நான் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "நீ வந்தேன்னு எழுதுய்யா. அவனுக்குத் தெரியாதுல்ல" என்றாள் அம்மா. எழுதினேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வழியில் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது, மாட்டிக்கொண்டு வருவதற்குள் வண்டி போய்விட்டது என்று எழுதினேன். உண்மையை எழுத வெட்கமாக இருந்தது.

அதற்கு அவன் பதில் எழுதினான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அண்ணி உண்டாகியிருக்கிறாள் என்பதை வாசித்தேன். ஒரு செங்கல் சூளையில் வேலை கிடைத்திருப்பதை வாசித்தேன். கடைசியில் எனக்கென்று இரண்டு வரி எழுதியிருந்தான்.

"செயின் கழன்றது பங்களா மதில் ஓரமாகத்தானே தம்பி? பரவாயில்லை, நீ வந்தாயே."

அம்மா இன்னும் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். அவ்வளவுதான் என்று சொல்லிக் கடிதத்தை மடித்துவிட்டேன்.