ஒரே வீட்டுத் துணி

அந்தக் குடும்பம் அவளுக்கு முதலில் துணியாகத்தான் அறிமுகமானது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சலவைக்கடையில் சேர்ந்தவள், நாற்பது தாண்டியும் அங்கேதான் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பிரித்தாலே போதும், அந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள், யாருக்கு வேலை போய்விட்டது என்று சொல்லிவிடுவாள். அந்த வீட்டு மூட்டையில் ஒரு கட்டத்தில் வீட்டுக்காரியின் உடுப்புகள் வருவது நின்றது. கொஞ்ச நாளில் பிள்ளைகளின் சீருடையில் மண்கறை வருவதும் நின்றது. இரண்டாவதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

மூட்டையைக் கொண்டுவருகிறவர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்ப்பவர். கறையைப் பற்றி விசாரிக்கப் போய், பேச்சு வளர்ந்து, கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது. "ஒரு நல்ல வாடிக்கை போச்சு" என்று கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் அவளோடு சண்டை போடவில்லை. சிக்கலே அதுதான். சொந்த வீட்டில் விருந்தாளிகளைப் போல நடந்துகொண்டார்கள். மூத்தவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "வேற ஏதாவது செய்யணுங்களா?" என்பாள். சின்னவன் தண்ணீர் வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க மாட்டான், பக்கத்தில் வந்து நிற்பான். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாததால் இருவரும் கூப்பிடுவதையே தவிர்த்தார்கள். ஒரு நாளாவது கதவை அறைந்து சாத்த மாட்டார்களா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

விடுமுறைக்குத் தீவுகளைச் சுற்றிக் காட்டும் ஒரு சின்னக் கப்பலில் நான்கு பேருக்கும் இடம் பிடித்தார் கணவர். கிளம்புகிற அன்று, ஆஸ்பத்திரியில் அவருக்குப் பதில் நிற்க வேண்டிய ஆள் காய்ச்சலில் விழுந்தார். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. பழகிக்குவீங்க" என்றார் கணவர்.

"பழக்கறதுக்கு நான் என்ன நாய்க்குட்டியா கூட்டிட்டுப் போறேன்?" என்றாள். என்றாலும் போனாள்.

கப்பலில் சாப்பாட்டுக்கு மேல்தளத்தில் எல்லாருக்கும் ஒரே நீள மேஜைதான். அறையில் படுக்கைகள் அலமாரித் தட்டுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. வெளியே, கரைக்குப் போகும் படகில் இறங்கும் ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு தகர வில்லை எண்ணோடு தொங்கியது. ஒல்லியாக உயரமாக இருந்ததால் எல்லாரும் கொக்கு என்று கூப்பிட்ட மாலுமி விளக்கினான்: "தீவுல இறங்கும்போது சிவப்புப் பக்கம். திரும்பி ஏறினதும் பச்சைப் பக்கம். எல்லாம் பச்சை ஆனாதான் கப்பல் நகரும். அவங்கவங்க வில்லைய அவங்கவங்கதான் திருப்பணும்."

சின்னவன் கண்கொட்டாமல் பார்த்தான். பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று அவள் சொன்னாள்: "எங்க கடையிலயும் இப்படித்தான், துணிக்குத் துணி நம்பர். ஆனா ஒரே வீட்டுத் துணிய மட்டும் பிரிக்க மாட்டோம். நகர்த்தினா மொத்தமாத்தான் நகர்த்துவோம்."

அன்றிலிருந்து மூன்று வில்லைகளையும் அவனே சேர்த்துத் திருப்பினான். அவள் தடுக்கவில்லை. அவன் அவளுக்காகச் செய்த முதல் காரியம் அது.

மூன்றாவது தீவில் மூத்தவளின் ஒற்றைச் செருப்பை அலை இழுத்துப் போய்விட்டது.

"பரவாயில்லங்க, விடுங்க. நான் வெறுங்காலோட வந்துக்கறேன்."

அந்தப் 'பரவாயில்லங்க'வை இனியும் அவளால் தாங்க முடியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் இந்தப் படகுல போங்க. நான் தேடி எடுத்துட்டு அடுத்த படகுல வர்றேன்."

பாறைகளைச் சுற்றிப் போனாள். செருப்பு இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அதை எடுத்துத் திரும்பினால் கரையில் ஒருவரும் இல்லை. படகைக் கப்பலில் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. அவள் செருப்பை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். கப்பல் நிதானமாகத் திரும்பி முனைக்கு அப்பால் மறைந்தது.

ஒரு தென்னையடியில் உட்கார்ந்தாள். தீவு பயமாக இல்லை. எப்படியும் நாளைக்குள் யாராவது வருவார்கள். அவள் கவலை வேறு. அவள் இல்லாதது அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்து என்ன செய்வார்கள்? குடிக்கத் தண்ணீர் கேட்பதையே தொந்தரவு என்று நினைப்பவர்கள், கப்பல் தலைவர் அறைக்குப் போய், இவளுக்காக, ஓடுகிற கப்பலை நிறுத்தச் சொல்வார்களா? மரியாதையாகக் காத்திருப்பார்கள். யாராவது கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால்?

சங்கொலி கேட்டது. முனைக்குப் பின்னாலிருந்து கப்பலின் மூக்கு எட்டிப் பார்த்தது.

படகோடு வந்த கொக்குக்கு மூச்சு வாங்கியது. "மன்னிச்சிடுங்க அக்கா, பலகை முழுக்கப் பச்சையா இருந்துச்சு. நான் அதை நம்பிட்டேன். ஆனா உங்க பொண்ணு இருக்கே! தலைவர் அறைக் கதவ உடைக்காத குறைதான். 'எங்க வீட்டு ஆளை விட்டுட்டு எங்கய்யா போறீங்க'ன்னு ஒரே கத்தல். அவரு கையில இருந்த டீ கொட்டிப்போச்சு."

ஏணி உச்சியில் சின்னவன் தேம்பிக்கொண்டிருந்தான். "நான்தான் மூணையும் திருப்பிட்டேன். ஒரே வீடுன்னு..."

"சொல்லிக்குடுத்தது நான்தானேடா" என்று அவனை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

பெண் அழவில்லை. முகம் சிவந்திருந்தது. "அறிவிருக்கா உங்களுக்கு? யாரு செருப்பு தேடச் சொன்னா? விடுங்கன்னு சொன்னேனா இல்லையா? எதச் சொன்னாலும் கேக்கறதில்ல!"

மேஜையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருகிட்டடி குரல உசத்தற?" என்றாள் அவள்.

"உங்ககிட்டதான்!" என்று போய் அறைக் கதவை அறைந்து சாத்தினாள் பெண். அலமாரியிலிருந்து ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. இருக்கட்டும் என்று அவள் வெளியிலேயே நின்றாள்.

மறுநாள் காலை ஒரு பெரிய தீவின் துறையில் நின்றபோது போனில் சிக்னல் கிடைத்தது. பெண்தான் முதலில் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, இவங்களோட ஒண்ணும் முடியல. தொப்பி போடுன்னா போடறதில்ல. பாறை மேல ஏறி முட்டிய ஒடைச்சுக்கிட்டாங்க. ராத்திரியெல்லாம் குறட்டை வேற..."

"குடு இங்க" என்று அவள் கையை நீட்டினாள். "நான் சொல்லவும் நிறைய இருக்கு."

"இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்று பெண் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.