முனகாத மோட்டார்

கைக்கட்டுப் பிரித்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை, வைண்டிங்காரரின் மனைவி ரம்ப மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, வலது கையில் ஸ்பானரைப் பிடித்து, மோட்டாரின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினாள். இடது கையை மடியில் வைத்திருந்தாள். அதில் நடுவிரலும் மோதிர விரலும் இருந்த இடத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. வாசலில் அவளுடைய அண்ணன் சின்ன லாரியோடு காத்திருந்தார். உதவிக்குக் குனிந்த கணவரை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

கடைசி போல்ட் விழுந்தது. முட்டுக் கொடுத்திருந்த பலகையின் மேல் இரண்டு ஹெச்.பி. மோட்டார் சாய்ந்து உட்கார்ந்தது.

"இது உங்களோடது. மேஜை என்னோடது. என் பழைய மோட்டார் எங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு," என்றார் அவர்.

அது பொய். அந்த மோட்டார் இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய கடையில், வேலை மேஜைக்கு அடியில், கோணியில் சுற்றிக் கிடந்தது. மோட்டார் இல்லாத ரம்பம் வெறும் பலகை. என்றைக்காவது ஒரு மோட்டார் வேண்டுமென்று ஆள் தேடுவாள், தேடினால் தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கல்யாணமாகி வந்தபோது அவளோடு கூட வந்த மேஜை அது. அவளோடு கூடவே லாரியில் ஏறிப் போனது.

எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் தொழிலில் அவருக்கு நல்ல பெயர். அதோடு ஒரு பட்டப்பெயரும் உண்டு: 'எக்ஸ்ட்ரா'. எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடுதான் திரும்பி வரும். எந்த மோட்டார் முனகினாலும் அவருக்குப் பொறுக்காது. விருந்துக்குப் போன வீட்டில்கூட, சமையலறையில் மிக்ஸி திணறும் சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து அதைப் பார்க்கப் போய்விடுவார். அவரிடம் மெஷினைக் கொடுத்து வாங்கிய தையல்காரர் ஒருமுறை வந்து சொன்னார்: "எக்ஸ்ட்ரா, என் மெஷின் இப்பல்லாம் தைக்கறதில்ல. துணியைத் துரத்துது." அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

மனைவி வீட்டின் பின்னறையில் குழந்தைகளுக்கான முக்காலிகளும் படச் சட்டங்களும் செய்தாள். அவளுடைய ரம்பத்துக்கு அரை ஹெச்.பி. மோட்டார். சில மரங்கள் அறுக்க அறுக்க உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு, ரம்பத்தை இருபுறமும் நெரிக்கும். உடனே மோட்டார் முனகும், மெதுவாகும், நின்றுவிடும். அவள் சுவிட்சை அணைத்து, வெட்டில் ஒரு சின்ன ஆப்பைத் தட்டி, மறுபடி ஓட்டுவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். பத்துத் தடவையும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

"ரெண்டு ஹெச்.பி. போட்டுத் தரேன். தண்ணியில கைய விடற மாதிரி போகும்."

"வேண்டாங்க. அது முனகினாதான் மரம் இறுகுதுன்னு எனக்குத் தெரியும். அது நின்னா என் கை தப்பிச்சுதுன்னு அர்த்தம்."

"மோட்டார் நிக்கறது ஒரு பெருமையா? வைண்டிங்காரன் வீட்டு மோட்டார் திணறுதுன்னு வெளிய தெரிஞ்சா எவன் என் கடைக்கு வருவான்?"

"நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க," என்று சிரித்தாள்.

அவள் அக்கா வீட்டுக்கு மூன்று நாள் போனபோது அவர் கடையைச் சாத்திவிட்டுப் பின்னறையில் இறங்கினார். அடிச்சட்டத்தில் புதுத் துளைகள் போட்டார். தடித்த கேபிள் இழுத்தார், பெரிய சுவிட்ச் வைத்தார். ஒற்றைப் பெல்ட் வழுக்குமே என்று இரட்டைப் பள்ளம் உள்ள புல்லி மாட்டி இரண்டு பெல்ட் கட்டினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வந்து பார்த்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"ஒரு வாரம் ஓட்டிப் பாரு. பிடிக்கலன்னா மாத்திடறேன்."

ஐந்தாம் நாள் மரம் நெரித்தது. மோட்டார் முனகவில்லை, நிற்கவில்லை. கட்டையைத் தூக்கி அவள் பக்கமாக எறிந்தது. கட்டையைப் பிடித்திருந்த கை ரம்பத்தின் மேல் போனது.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று நர்ஸ் கேட்டபோது, அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்: "மெஷின்ல ஒரு குத்தமும் இல்லம்மா. இவதான் கவனிக்காம விட்டுட்டா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி தாங்காமல் திரும்புகிறாள் என்று அவர் நினைத்தார்.

அவள் போன பிறகும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். முதலில் தலையாட்டினார்கள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஆறு வருஷம் ஓடியது. ரம்பத்துக்கு மோட்டார் கேட்டு யாரும் வரவில்லை.

ஒரு நாள் மச்சான், அவளுடைய அண்ணன், வந்தார். தண்ணீர்ப் பம்பு எரிந்துவிட்டதாம். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் வேலை மேஜைக்கு அடியில் போனது. கோணி விலகி, செங்கல் நிறம் தெரிந்தது. தங்கை கையால் அடித்த பெயிண்ட்.

"பழைய இரும்புக்குப் போட்டாச்சுன்னீங்களே மாப்ள?"

அவர் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அவ எப்படி இருக்கா?" என்றார்.

"இருக்கற விரல்ல, கைரம்பத்தை வச்சு முக்காலி செய்யறா. மோட்டார்தான் அமையல. கிடைக்கறதெல்லாம் முரட்டுத்தனமா ஓடுதாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே."

"உங்ககிட்டயா?" மச்சான் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "பம்பை மட்டும் பாருங்க மாப்ள. அது எவ்வளவு இழுத்துச்சோ அவ்வளவே இழுக்கட்டும்."

இனி அவளுக்குத் தெரிந்துவிடும், கேட்பாள். கேட்டு வாங்க வருகிறவள் உள்ளே வந்து உட்கார மாட்டாளா? மறுநாள் காலையில் கோணியைப் பிரித்து மோட்டாரை மேஜைமேல் வைத்தார். தூசி துடைக்கத்தான் எடுத்தார். ஓடுகிறதா என்று ஓட்டிப் பார்த்தார். சுழலும் தண்டின் மேல் ஒரு கட்டையை வைத்து அழுத்தினார். மோட்டார் முனகியது, மெதுவாகியது, நின்றது.

அவருக்குப் பொறுக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து, இந்த லட்சணத்திலா அவள் கையில் கொடுப்பது? பழைய சுருளை வெட்டி உருவி எறிந்தார். கழற்றும் முன் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்வது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அன்று அவர் எண்ணவில்லை. அந்தப் பழைய கணக்கு இனி எதற்கு என்று விட்டுவிட்டார். தடித்த கம்பி சுற்றினார், புது பேரிங் போட்டார், பெரிய கெப்பாசிட்டர் வைத்தார். அதே செங்கல் நிறத்தைத் தேடிப் பிடித்து வாங்கிப் பூசினார். பழைய சுருளைப் பழைய இரும்புக்காரர் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போனார்.

பெயிண்ட் காய்ந்ததும் கட்டையை வைத்து அழுத்தினார். மோட்டார் முனகவில்லை, கட்டைதான் புகைந்தது. அவர் தனியாக நின்று சிரித்தார்.

அதற்கு மறுநாள் மத்தியானம் அவருடைய கைபேசியில், அவர் அறியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது:

"மோட்டார் உங்ககிட்டதான் இருக்குன்னு அண்ணன் சொன்னாங்க. சனிக்கிழமை ஆள் வருவாங்க, குடுத்து விடுங்க. எதையும் மாத்தாதீங்க. தூசிகூடத் துடைக்க வேண்டாம்."