உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாள்

எங்கள் குளியலறைக் கதவின் பித்தளைத் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் பச்சை பிடித்துக் கிடக்கிறது. லேசில் நகராது. தள்ளினால் ஒரு கரகரப்பு, பிறகு 'டொக்' என்று விழும். என் மாமியாரை நினைத்தால் அவர் முகத்துக்கும் முந்தி அந்தச் சத்தம்தான் வருகிறது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மரக்காணத்து உப்பளத்து வெயிலில் நின்றே வயதானவர். வேலை முடிந்து வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு குளிப்பார். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் வெளியே வரமாட்டார்.

ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்து ஒரு வரிசை டைல்ஸ் பெயர்ந்து விழுந்தது. பதறித் திரும்பியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வாக்கரோடு வீடு திரும்பிய பிறகு அவரைக் குளிப்பாட்டும் வேலை எனக்கு வந்தது. என்னைப் பார்க்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. தன் கண்களை இறுக மூடிக்கொள்வார். எனக்கு அது பொறுக்காது. நடை திரும்புவதைவிட, தனியாகக் குளிப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

கிளியனூரிலிருந்து ஒரு டைல்ஸ் மேஸ்திரியை வரவழைத்தோம். படி இல்லாமல், அறை முழுக்க நனைந்தாலும் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடிவிடுகிற மாதிரி மாற்றித் தரச் சொன்னோம். மீதி டைல்ஸைத் தட்டி எடுத்தபோது பூச்சும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே சிமென்ட் பிளாக் சுவர் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது; அந்த உப்புதான் டைல்ஸைத் தள்ளிவிட்டிருந்தது.

"இந்தச் சொவர என்னம்மா பண்ணீங்க?" என்றார் மேஸ்திரி.

உப்பு தெரியும்போதெல்லாம் விடாமல் கழுவிவிடுவோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"எந்தத் தண்ணியில?"

"போர் தண்ணியிலதான்."

எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வாக்கரைப் பிடித்து நின்ற அத்தை அவரைவிட அதிகமாகச் சிரித்தார். "உப்புத் தண்ணிய வுட்டு, காய வச்சி, திரும்ப வுட்டு... பாத்தியில நான் செஞ்சதும் இதானேப்பா! வூட்டுக்குள்ளயே அளம் போட்டுட்டோம் போ!" விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மேஸ்திரி உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்துத் தள்ளி, சுவரை நன்றாகக் காயவிட்டார். பிறகு பலகைகள் வந்தன. குளியலறையில் பலகையா, ஊறிப் போகாதா என்று என் கணவர் முகம் சுளித்தார். இது மரமில்லை, தண்ணீர் புகாத சிமென்ட் பலகை என்று சொல்லி, ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார் மேஸ்திரி. மறுநாள் எடுத்தபோது போட்டபடியே இருந்தது. பசை குழைக்கக் கேன் தண்ணீர் வாங்கினோம். பலகையைச் சுவரில் அழுத்தி, மட்டம் பார்த்து, பசை இறுகியதும் பிளாக் வரை துளையிட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூக்களை அகலமான வாஷர் வைத்து முடுக்கினார். இணைப்புகளில் டேப் ஒட்டி, ஸ்க்ரூத் தலைகளையும் விடாமல் தண்ணீர் புகாத பூச்சு அடித்த பிறகுதான் டைல்ஸைத் தொட்டார். அந்த அறைக்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரையும் இழுத்தோம்.

அத்தை அந்தச் சுவரை உடனே நம்பிவிடவில்லை. மழைக்காலம் முழுக்கக் கதவைத் திறந்து வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் குளித்தார். அளத்தில் உப்பு இறங்குகிற வெயில் காலம் வந்தது. ஒரு காலை, விரலை நனைத்து டைல்ஸ் இடுக்கில் தேய்த்து நாக்கில் வைத்தார். உப்பளத்துக்காரர்களுக்கு எதையும் நக்கிப் பார்த்தால்தான் நம்பிக்கை.

"ஒண்ணுமில்ல. சப்புன்னு இருக்குது," என்றார். "நீ போம்மா, அடுப்பப் பாரு."

கதவைச் சாத்திக்கொண்டார். கரகரப்பு, 'டொக்'. அடுப்பு எரிந்துகொண்டிருக்க, நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேன்.

போன தையில் அத்தை தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். தாழ்ப்பாளை மாற்றிவிடலாம் என்கிறார் கணவர், இருக்கட்டும் என்றேன். குளிக்கப் போனால் நானும் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், சப்பென்றுதான் இருக்கிறது. கடைசி நாள் காலையிலும் அந்தக் கதவை அவர் உள்ளிருந்து தானே தாழிட்டுக்கொண்டார்.