ரெக்ஸினக்கா வண்டி பார்க்கிறார்

விற்பவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே கதவைத் திறந்து, தலையை வண்டிக்குள் விட்டு, கண்ணை மூடி மூச்சை இழுக்கிறார் ரெக்ஸினக்கா. ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் மூக்கைச் செருகி இழுக்கிறார். விற்பவர் கையில் சாவியோடு அசடு வழிய நிற்கிறார்.

"சென்ட் பாட்டில் தொங்குது," என்று உள்ளேயிருந்து குரல் வரும். "சும்மா மணக்கட்டும்னு எவனும் மாட்ட மாட்டான். அடியில எதுவோ நாறுது."

சரக்கு வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது அவர் தொழில். கடை முழுக்க ரெக்ஸின் சுருள்கள் சுவரில் சாய்ந்து நிற்பதால் வந்த பெயர் ரெக்ஸினக்கா. அவரைவிட வயதில் மூத்த டிரைவர்களுக்கும் அவர் அக்காதான். இருபத்திரண்டு வருடங்களாகத் தைக்கிறார். எங்கள் பக்கத்து பிக்கப் வண்டிகளில் பாதிக்கு மேல் அவர் தைத்த சீட்டோடுதான் ஓடுகின்றன. பழைய பிக்கப் வாங்க நினைக்கும் யாரும் மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

சீட் தைப்பவருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"இன்ஜினைக் கழுவித் தொடச்சு ரெண்டே நாள்ல மாப்பிள்ளை ஆக்கிடலாம்மா. சீட்டுக்கு அடியில யாரு கழுவுறா?"

நாற்பத்தைந்து வயது. நல்ல உயரம். சின்ன வண்டியில் ஏறினால் முட்டி டாஷ்போர்டில் இடிக்கும். கணவரின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு வருவார். அதன் பைகளில் அளவு டேப், கத்தரிக்கோல், ஊசி நூல், துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டி, கீழே சிந்திய ஊசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தம். வண்டியில் குறை தெரிந்த இடத்திலெல்லாம் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். விற்பவர்களுக்குப் பிடிக்காதது இந்த வட்டங்கள்தான். வாயால் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். வட்டத்தோடு என்ன பேசுவது?

இவ்வளவு தெரிந்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில்தான் வருவார். "ஓட்டத் தெரிஞ்சா கவனம் ரோட்டுக்குப் போயிடும். எனக்கு வண்டி மேல இருக்கணும்" என்பார். கடையில் இரண்டாவது தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அவர் கணவர் இதைக் கேட்டால் சும்மா இருக்க மாட்டார்.

"ஊர்ல உள்ள வண்டியை எல்லாம் மோந்து பாக்குறா. என்னை மட்டும் பாக்காமலே கட்டிக்கிட்டா."

"அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்," என்பார் அக்கா, மிதிப்பதை நிறுத்தாமல்.

சென்ற சனிக்கிழமை காலை அவரைப் பழைய வண்டி யார்டுக்கு அழைத்துப் போனது என் அண்ணி. அண்ணிக்கு முட்டை வியாபாரம். இத்தனை நாள் ஸ்கூட்டரில் தட்டுகளை அடுக்கி, கயிறு கட்டி, பள்ளத்தைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவந்தார். இப்போது நான்கு பேக்கரிகள் திங்கட்கிழமையிலிருந்து தினமும் நூற்றைம்பது தட்டு கேட்டிருக்கின்றன. ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். ஸ்கூட்டரில் நூற்றைம்பது தட்டு நடக்காத காரியம். சேர்த்து வைத்ததில் ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும். அது பாதி வழியில் படுத்துக்கொண்டால் இன்னொன்று கிடையாது.

நானும் போனேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். 'படித்தவள்' என்றால் எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் என்று பொருள். மூன்று வருடம் படித்ததன் பயன் அவ்வளவுதானா என்று எனக்கே சந்தேகம் வரும் நாட்கள் உண்டு. அதனால் இந்த முறை தயாராகப் போனேன். பழைய பிக்கப் வாங்கும்போது பார்க்க வேண்டியவை என்று இணையத்தில் தேடி, முப்பத்திரண்டு அம்சங்களை எழுதி, பக்கத்தில் சரிக்குறி போடக் கட்டமும் வரைந்திருந்தேன்.

ரெக்ஸினக்கா தாளை வாங்கி, மேலிருந்து கீழே மரியாதையாகப் பார்த்தார்.

"மோந்து பாக்குறது எத்தனாவது நம்பர்மா?"

இல்லை என்றேன்.

"சேத்துக்கோ. முப்பத்தி மூணு."

யார்டில் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. முன் வரிசையில் நீல நிற வண்டி ஒன்று, கழுவி, டயருக்குக்கூடக் கறுப்புப் பூசி மினுமினுத்தது. அண்ணி அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. மனதுக்குள் அதன் பக்கவாட்டில் கடைப் பெயர் எழுதியாகிவிட்டது.

"சிங்கிள் ஓனர் மேடம்," என்றார் யார்டுக்காரர். "டாக்டர் வச்சிருந்த வண்டி."

"டாக்டருக்கு எதுக்கு தம்பி பிக்கப்பு?" என்றார் அக்கா. "நோயாளிங்கள மொத்தமா அள்ளிட்டு வரவா?"

"அவரு தம்பி துணி வியாபாரம் பண்ணாருக்கா. துணி மட்டும்தான் ஏத்தினது. பஞ்சு மாதிரி வச்சிருந்தாங்க."

அக்கா முகர்ந்து முடித்து, பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். "யாரு இதைக் காலையிலயே எழுப்பினது?"

"நகர்த்தி நிறுத்தினோம்க்கா."

"நகர்த்துனதுக்கா இவ்வளவு காய்ச்சல்?" என்றவர் எங்களிடம் திரும்பினார். "ஆறின வண்டி கிளம்புற லட்சணத்தைத்தான் பாக்கணும். சூடா இருந்தா எந்தக் கிழவண்டியும் துள்ளிக்கிட்டுதான் கிளம்பும். இது ஆறட்டும்."

ஆறும்வரை உள்ளே பார்த்தார். மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பரோ நடுவில் தேய்ந்து வழுக்கை விழுந்திருந்தது. அங்கே ஒரு வட்டம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து நுனியைப் பார்த்தார்; வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் யாரும் இழுக்காத அந்த நுனியில் சேறு காய்ந்திருக்குமாம். சேறு இல்லை. அண்ணிக்கு முகம் மலர்ந்தது. கால் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார்.

"சீட்டு கம்பெனியோட வந்ததுக்கா. கையே வைக்கல," என்றார் யார்டுக்காரர்.

அக்கா சீட்டின் அடிவிளிம்பில் கையை விட்டு, தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் யார்டுக் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

"தம்பி, இந்தக் கம்பெனி நான்தான்."

கறுப்புத் தையல் ஓரிடத்தில் நின்று, கடைசி ஒரு சாண் வெள்ளை நூலில் ஓடியிருந்தது.

"அன்னைக்குக் கறுப்பு நூல் தீந்துபோச்சு. அடியிலதானே, யாரு பாக்கப்போறான்னு வெள்ளையில முடிச்சேன். இத்தனை வருஷத்துல அப்படி ஒரே ஒரு சீட்டுதான். ராத்திரி தூக்கம் வராம மறுநாள் பிரிச்சுத் தைக்கப் போனா, வண்டிக்காரன் வெளியூர் போயிட்டான்." அப்புறம் குரல் இறங்கியது. "மீன்காரன். ஐஸ்ல போட்ட கடல் மீன். தண்ணி இறங்காம இருக்க சீட்டுக்குள்ள பிளாஸ்டிக் வச்சுத் தைக்கச் சொன்னான். பிரிச்சுக் காட்டவா தம்பி?"

யார்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "என்கிட்ட டாக்டர்னுதான்க்கா சொன்னாங்க…"

"மீனுக்கு வேணா டாக்டரா இருந்திருப்பான்."

உப்புத் தண்ணீர் சொட்டிய வண்டி என்று தெரிந்தபின் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. காந்தத்தை எடுத்துப் பின்தொட்டியின் அடிவிளிம்பில் வைத்தார். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. இரும்பு போன இடத்தில் பட்டி பூசி நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கீழே படுத்து, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸைக் கத்தரிக்கோல் பிடியால் தட்டினார். பிஸ்கட் தூள்போலத் துரு உதிர்ந்தது. இரண்டு இடத்திலும் வட்டம்.

அண்ணி விடுவதாக இல்லை. "பெயின்ட் அடிச்சு ஓட்டிக்கலாம்லக்கா? திங்கக்கிழமை வண்டி வேணும்."

"எலும்பு போனதுக்கு பவுடர் போடச் சொல்றியா? ஏத்தப்போறது முட்டை. நடு ரோட்டுல இது மடிஞ்சா, ரோடு பூரா ஆம்லெட்."

அண்ணி சிரிக்கவில்லை. நீல வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். வட்டங்களை எண்ணினார் போலிருக்கிறது. "வேற பாக்கலாம்," என்றார்.

கடைசி வரிசையில் தகர வேலியை ஒட்டி ஒரு வண்டி நின்றது. முன்பு வெள்ளை, இப்போது எந்த நிறம் என்று சொல்ல முடியாது. இடது கதவு மட்டும் பச்சை. டிரைவர் சீட்டின் ஓரம் பிரிந்து ஸ்பாஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

"இதுல போய் இறங்கினா பேக்கரிக்காரன் முட்டை வாங்குவானா, எனக்குப் பிச்சை போடுவானா?" என்றார் அண்ணி.

"அந்தக் கதவு அடிபட்டு மாத்தினதுக்கா," என்று இந்த முறை யார்டுக்காரர் முந்திக்கொண்டார். "மத்ததெல்லாம் உள்ளது உள்ளபடி. செடி வளர்த்து விக்கிறவர் வச்சிருந்தது."

அக்கா தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. "மண்ணு வாசனை. கொஞ்சம் பீடி. சென்ட் இல்ல." பானெட் சில்லென்று இருந்தது. ஆனால் கீழே படுப்பதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"உன் வேலைய முடி. நம்பரு ஒத்துப்போச்சுன்னு நீ சொன்னாத்தான் நான் முதுகுல மண்ணு ஒட்டிப்பேன். அந்தத் தாள் வேலை எனக்கு ஓடாத சங்கதி."

ஆர்சி புத்தகத்தை வைத்துக்கொண்டு சேஸிஸில் பொறித்த எண்ணைத் தேடினேன். கிரீஸைச் சுரண்டினால் நடுவில் ஓர் இலக்கம் மூன்றா எட்டா என்று புரியவில்லை. துணியால் துடைத்துப் பார்த்தேன். விரலால் தடவினேன். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். முப்பத்திரண்டு அம்சம் எழுதியவளுக்கு ஓர் எண்ணைப் படிக்கத் தெரியவில்லையே என்று வியர்த்தது. மூவரும் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அந்த இலக்கத்தின் இடது பக்கம் திறந்திருப்பது தெரிந்தது.

"மூணுதான்," என்றேன். "ஒத்துப்போகுது. கடன் எதுவும் பதிவாகல. இன்சூரன்ஸ் மட்டும் அடுத்த மாசம் முடியுது."

"பாத்தியா," என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அக்கா வண்டிக்கடியில் போனார். பாதி உடல் மறைந்து, இரண்டு நீளக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. டொக், டொக் என்று கத்தரிக்கோல் சத்தம். இந்த முறை எதுவும் உதிரவில்லை.

முதல் சாவியிலேயே கிளம்பியது. புகை கறுப்பாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை. அண்ணி ஓட்ட, அக்கா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார, நான் பின்தொட்டியில் ஏறினேன். காலையில் மீந்து கையோடு கொண்டுவந்திருந்த ஒரு தட்டு முட்டையை அண்ணி என் மடியில் வைத்தார். "உடைஞ்சா உன் கணக்குல எழுதிடுவேன், பட்டதாரி," என்றார். சிரிப்பு திரும்பியிருந்தது.

மேடு, பள்ளம், ரிவர்ஸ், ஒரு திடீர் பிரேக். "ஸ்டியரிங்க விடு," என்று அக்கா கத்துவது கேட்டது. விட்டும் வண்டி நேராகவே போனது. திரும்பி வந்தபோது ஒரே ஒரு முட்டைதான் விரிசல் விட்டிருந்தது. அதுவும் பயத்தில் என் கட்டைவிரல் அழுத்தியது.

நின்றதும், தான் கொண்டுவந்த வெள்ளைத் துண்டுத் துணியை இன்ஜினுக்கு அடியில் விரித்துவிட்டு டீ குடிக்கப் போனார் அக்கா. அரை மணி கழித்துத் துணியை எடுத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வண்டி முழுக்க மூன்றே வட்டங்கள்: பின் டயர் இரண்டு, பேட்டரி ஒன்று.

"வாங்கலாமாக்கா?" அண்ணி காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

அக்கா நேராகப் பதில் சொல்லவில்லை. "போய் விலை பேசு. மூஞ்சிய மட்டும் இப்படி லைட் போட்ட மாதிரி வச்சுக்காத. ஏதோ செத்த வீட்டுக்கு வந்தவ மாதிரி உக்காரு."

யார்டுக்காரரின் அறைக்குள் அண்ணி அப்படியே உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். பச்சைக் கதவைப் பற்றி வருத்தப்பட்டார், டயரைப் பற்றி இன்னும் அதிகமாக வருத்தப்பட்டார். "அக்காவுக்கு மனசே இல்ல," என்றார். நானும் என் தாளைப் பார்த்துக் கவலையாகத் தலையாட்டினேன். யார்டுக்காரர் கால்குலேட்டரை எடுத்தார். விலை இறங்கப்போகிறது என்று தோன்றிய நேரத்தில் அவர் பார்வை எங்கள் தலைக்கு மேலே ஜன்னலுக்குப் போனது. மெல்லச் சிரிப்பு வந்தது. கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தோம். இன்னும் யாருக்கும் விற்காத அந்த வண்டியின் டிரைவர் சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டு, அதன் முன்னால் மண்டியிட்டு, பிரிந்த ஓரத்தைத் தைத்து முடித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார் ரெக்ஸினக்கா.