கேஸ் ஷீட்டின் பின்பக்கம்

பெரம்பலூரிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர், அரியலூரில் என் கிளினிக்குக்குள் வந்து, தோள்பையைக்கூடக் கழற்றாமல், "மரகதம் டாக்டரம்மா தவறிட்டாங்க சார். மூணு மணிக்கு எடுக்குறாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிரே உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். டாக்டரம்மா உடனிருந்தால் அதற்கடுத்த குழந்தையையும் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். எழுபதுகளின் பிற்பகுதியில் நான் குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தபோது எங்கள் துறையின் பேராசிரியை அவர்கள். எங்கள் ஆஸ்பத்திரி கொள்ளிடத்துக்குத் தெற்கே இருந்தது. மோசமான நிலையில் வந்து சேரும் குழந்தைகளில் பலர் வடகரையில் திருமானூர்ப் பக்கத்துக்காரர்கள்.

மற்ற துறைகளில் நோயாளி இறந்தால் கேஸ் ஷீட்டில் காரணத்தை எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். எங்கள் துறையில் அது பாதி வேலை. காரணம் எழுதிய மாணவரே பத்து நாளுக்குள் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய், நடந்ததைக் கேட்டு, ஷீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும். முன்பக்கம் நோயின் பெயர். அந்த நோயால் ஏன் சாக நேர்ந்தது என்பது பின்பக்கம். ஸ்டெதஸ்கோப் கொண்டுபோகக் கூடாது. "கழுத்துல அதைப் பாத்தா எல்லாரும் சௌக்கியம்னு சொல்லிடுவாங்க" என்பார்கள்.

என் சகமாணவர் ஒருவர் பின்பக்கத்தில், "மூடநம்பிக்கை. பூசாரியிடம் போய்க் காலம் கடத்தினர்" என்று எழுதினார். நல்ல தமிழ்தான். டாக்டரம்மா அவரைத் திருப்பி அனுப்பி, அந்தப் பூசாரியையே பார்த்துவரச் சொன்னார்கள். போய் வந்தவரின் முகம் சரியில்லை. முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னவர் பூசாரிதானாம். காலம் கடத்தியது, ஊர்ச் சுகாதார நிலையத்தில் தொங்கிய பூட்டு.

எழுதியதோடும் முடியாது. எதைச் சரிசெய்ய வேண்டுமோ அதற்குரிய அதிகாரிக்கு மனு எழுதி, மனு நாளில் மாணவரே வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். முதியோர் உதவித்தொகை கேட்டு வந்தவர்களுக்குப் பின்னால் நிற்பது எங்களுக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. முன்னால் நின்றவர்களுக்கு அப்படி ஒன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை. மனுவும் முடிந்த பிறகுதான் டாக்டரம்மா ஷீட்டில் கையெழுத்திடுவார்கள்.

என் முறை வந்தது. பூங்கொடி, வயது இரண்டு. வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றி இறந்தாள். ஊர்ப்பெயர் வேண்டாம். பஸ் ரோட்டிலிருந்து நாலு மைல் நடக்க வேண்டிய ஊர். தாயார் அஞ்சலை கரும்பு வெட்டப் போகிறவர். எனக்கு மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். எப்போது கிளம்பினீர்கள் என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"மொத நாளே வந்தோமுங்க சார். மணி ஒண்ணு தாண்டிடுச்சு. சீட்டுக் குடுக்குற ஜன்னலச் சாத்திட்டாங்க. நீங்கதான் கெளம்பிக்கிட்டு இருந்தீங்க. புள்ள முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கு, காலையில வாங்கன்னீங்க."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "நாங்கதான் வெள்ளனக் கெளம்பியிருக்கணும்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். நான் மோரை முழுவதும் குடித்தேன்.

திரும்பி வந்து பின்பக்கத்தில், "பஸ் வசதி இல்லாததால் தாமதம்" என்று எழுதினேன். அந்த ஊருக்குப் பஸ் இல்லாதது உண்மை. உண்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொல்வது எவ்வளவு எளிது என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டரம்மா படித்துவிட்டு மனு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். உருக்கமாகவே எழுதினேன். மனு நாளில் அவர்களும் உடன் வந்து நின்றார்கள். மனுவைப் புரட்டிய அதிகாரி, குழந்தை இறப்பு சுகாதாரத் துறை, பஸ் போக்குவரத்துத் துறை, இதை எதில் சேர்ப்பது என்று கேட்டார். "அந்தப் புள்ளைக்கும் அதுதான் தெரியாமப் போச்சு சார்" என்றார்கள் டாக்டரம்மா.

அடுத்த ஆண்டு பஸ் விட்டார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதில் ஏறி நேரத்தோடு வந்து பிழைத்த குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன். துறையில் என்னைப் பாராட்டினார்கள். பஸ் முதன்முதலில் ஓடிய அன்று ஊரார் அழைத்திருந்தார்கள். பரீட்சை இருக்கிறது என்று நான் போகாமல் நின்றுவிட்டேன். டாக்டரம்மா போய்வந்தார்கள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "இனிமே ஜன்னல் சாத்தினப்புறம் வர்ற புள்ளைங்கள நீங்களே பாருங்க. வேற யார்கிட்டயும் விட வேணாம்" என்றார்கள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். பூங்கொடியின் ஷீட்டில் அவர்கள் கையெழுத்திடவில்லை. மறந்துவிட்டார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை, தாமதமாக வந்த எந்தக் குழந்தையையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. அரியலூரில் இதைத் தரும சிந்தனை என்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

பெரம்பலூரில் அவர்கள் வீட்டு வாசலில், கைக்குழந்தைகளோடு நின்ற பெண்களின் கூட்டத்தில் அஞ்சலை இருந்தார். என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். பஸ் மாறி வந்த கதையைச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "பஸ் விட்ட அன்னிக்கே அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனுங்க. நான் திருத்த மாட்டேன், அவரே ஒரு நாளைக்கு எழுதுவாருன்னாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன். உள்ளே போய் மாலையை வைத்தேன். கண்ணாடி கழற்றியிருந்த அந்த முகம், இன்னும் எதையோ படித்து முடிக்காததுபோல் இருந்தது.

இப்போது எழுதுகிறேன். பூங்கொடி, வயது இரண்டு. இறப்பதற்கு முந்தின நாள் மணி ஒன்று பத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். பஸ் இல்லாத ஊரிலிருந்து வந்துவிட்டாள். திருப்பி அனுப்பியவன் நான்.

போய் வாருங்கள், அம்மா. பின்பக்கம் எழுதியாயிற்று. கையெழுத்துப் போடத்தான் நீங்கள் இல்லை.